சொட்டு டீச்சர்

கழுவிய தம்ளரில் முதலில் ஒரு வாய் டீயை ஊற்றி, சுழற்றி, தொட்டியில் கொட்டிவிட்டுத்தான் குடிப்பதற்கு ஊற்றிக்கொள்வார் சொட்டு டீச்சர். "ஒட்டியிருக்கிற தண்ணி டீயோட செறிவைக் குறைச்சிடும்டி" என்பார். ஆய்வகத்தில் சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டுக்கு நடக்கும் உபசாரம் தம்ளருக்கும் உண்டு. ஆசிரியர் அறையே சிரிக்கும். கூடச் சேர்ந்து அவரும் சிரிப்பார், பழக்கத்தை மட்டும் விடமாட்டார்.

நான் அவரிடம் வேதியியல் படித்தவள். இப்போது பக்கத்து வகுப்பில் இயற்பியல் நடத்துகிறேன். நாங்கள் செறிவுக் கணக்கைச் சொதப்பினால் அவர் திட்டியதில்லை. அமிலத்தில் காரத்தை மடமடவென்று விட்டு, குடுவை அடர்சிவப்பானால்தான் குரல் உயரும்.

"கணக்கு தப்பினா அழிச்சுட்டுப் போடலாம். சொட்டு கூடிட்டா திரும்ப உறிஞ்சுவியா?"

பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி ஒரு வெளிர் ரோஸ், அங்கே நிறுத்த வேண்டும். அது வந்ததும் மேஜைக்கு மேஜை கேட்ட அந்தக் கூச்சலை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. ஆய்வகத்தின் அமில நெடிகூட எனக்குப் பிடிக்கும்.

டீச்சருக்கு இப்போது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்முறைத் தேர்வு முடிந்துதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தேர்வுக்கு முன் அவரே சொட்டு விட்டுத் தரம் பார்த்து வைக்கும் அளவை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு மதிப்பெண். போன வாரம் மாதிரித் தேர்வில் வகுப்பு முழுக்க ஒரே அளவு வந்தது. டீச்சருடையது மட்டும் அரை மில்லி கூடுதல். "ஒருத்தருக்கொருத்தர் பாத்து எழுதினீங்களா?" என்று முதலில் பிடிபிடியென்று பிடித்தார். அப்புறம் தன் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணுக்கு ரோஸ் தெரியும்போது அது அடர்ந்து போயிருந்தது.

நேற்று மாலை ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார். விடிந்தால் தேர்வு.

"வேலை இருக்காடி?"

"இல்ல டீச்சர், சொல்லுங்க."

"நான் குழாயைத் திறக்கிறேன். நீ நிறத்தைப் பாரு. இந்த வருஷப் பிள்ளைங்க மார்க்குடி, என்னால கெட்டுடக்கூடாது."

குடுவையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து ஆட்டினேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. நிறம் வந்து வந்து மறைந்தது. பிறகு மறையாமல் நின்றது.

"போதும் டீச்சர்."

குடுவைப் பக்கம் திரும்பாமலே, என் முகத்தைப் பார்த்தபடி குழாயை மூடினார்.