மஞ்சள் பை வைத்த நாற்காலி

நான் வேலைக்குப் போகிற ரயிலில் தினமும் ஒரு பெண் குரல் பேசும். ஆளில்லாத பை எதையாவது பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று. ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் அதே பேச்சு. யாரும் தலை நிமிர்த்துவதில்லை, எல்லார் கண்ணும் போனில்தான். ஆனால் நான் மடியில் இருக்கிற பையை இறக்கிக் காலடியில் வைத்தால் மட்டும் எதிரே இருப்பவர் கண் ஒரு தடவை கீழே போய்விட்டு மேலே வரும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. பையைப் பார்த்து எதற்குப் பயம்? எங்கள் ஊரில் ஆளில்லாத பைக்கு ஒரே அர்த்தம்தான். இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, வேறு இடம் பார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் வண்டி வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகப் பைகள் உள்ளே பறக்கும். துண்டு, கூடை, தண்ணீர் பாட்டில், எதுவும் இல்லாதவன் ஒற்றைச் செருப்பு. மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிற பையாக இருந்தாலும் அதை நகர்த்தி உட்கார ஒருவருக்கும் துணிச்சல் வராது. நர்சிங் படிக்கிற காலத்தில் ஒரு நாள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்து ஒரு போலீஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். "தங்கச்சி, இத்த அந்த சீட்ல போடும்மா, ஒரு டீ குட்சிட்டு வந்துர்றேன்" என்றார். டீ குடித்து, பேப்பர் பார்த்து, ஆற அமர வந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. சட்டம் என்றால் அது சட்டம்.

நான் கரியாலூருக்குக் கீழே இருக்கிற மலைக்கிராமத்துக்காரி. இப்போது இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையோரம் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணன் பொன்னுசாமி மலையில் விவசாயம் பார்க்கிறார். கொல்லி என்று நாங்கள் சொல்கிற சரிவு நிலத்தில் வழக்கமாகச் சாமைதான். சில வருஷங்களாக ஒவ்வொரு வீடாக மரவள்ளிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கிழங்கு என்றால் ஜவ்வரிசி ஆலைக்காரன் வயலுக்கே லாரி அனுப்புவான். சாமையை யார் தேடி வருகிறார்கள்? போன வருஷம் முதல் மழைக்கு அண்ணன் போன் போட்டார்.

"பாப்பா, மழ வந்துட்ச்சி. கொல்லிய ஓட்டிப் போட்டுக்கினு குந்தியிருக்கறேன். சாம வெதைக்கட்டா, கெழங்கு நடட்டா? நீ சொல்லு."

"ஒரு வாரம் பொறுண்ணா."

"ஒரு வாரமா? மழ இன்னா உங்க வெள்ளக்காரன் ஆபீசா, டைம் சொல்லிட்டு வர்றதுக்கு?"

அவர் கேலி செய்தாலும் விஷயம் கேலி இல்லை. அண்ணன் எதைப் போடுகிறாரோ அதைத்தான் மீதி இருக்கிற வீடுகளும் போடும். எல்லோரும் ஒரு வருஷம் சாமையை விட்டால் அடுத்த வருஷம் விதைக்கு யார் வீட்டுப் படியேறுவது? நான்தான் சாமை வாங்க இங்கே ஆள் பார்க்கிறேன் என்று சொல்லி அவரை நிறுத்தி வைத்திருந்தேன். ஆள் என்றால் ஹெலன். ஏழெட்டு தானியக் கடைகளுக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கிறவர். சென்னையிலிருந்து பருப்பு இறக்குகிற ஒரு வியாபாரி, ஹெலன் சரி என்றால் சாமையையும் சேர்த்து ஏற்றுகிறேன் என்றிருந்தார். ஹெலன் ருசி பார்க்க வேண்டும் என்றார். அந்த வாரம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு பொதுக்கூட்டம். இந்த நாடு ஐரோப்பாவின் கூட்டமைப்பை விட்டு விலகிய பிறகு வியாபாரம் எப்படி, நாட்டுக்குப் பாதுகாப்பு எப்படி என்று ஜனங்கள் கேட்கலாம், ஒரு அரசியல்வாதி பதில் சொல்வார். நானும் வருகிறேன், அங்கேயே கொண்டு வா என்றார் ஹெலன்.

கூட்டத்தன்று கிளம்புகிற நேரத்தில் சாமையில் மிளகுப் பொங்கல் வைத்தேன். எவர்சில்வர் தூக்குவாளியில் சுடச்சுடப் போட்டு இறுக மூடினேன். கூடவே ஒரு பொட்டலம் பச்சைச் சாமை. இரண்டையும் ஒரு மஞ்சள் துணிப்பையில் வைத்தேன். யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்தம் எல்லாம் தமிழில் சிவப்பு எழுத்தில் இருக்கும். மண்டபத்துக்கு முன்னதாகவே போய்விட்டேன். முன் வரிசை நடுவில் நல்ல இடம். ஹெலனுக்கு மண்டபம் எங்கே என்று தெரியாது, ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்து வர வேண்டும். இடம் போய்விடக் கூடாதே. கை யோசிக்கவே இல்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹெலனோடு திரும்பி வந்தால் மொத்தக் கூட்டமும் கார் நிறுத்துகிற இடத்தில் நிற்கிறது. வாசலில் போலீஸ் வண்டி. பக்கத்து வீட்டு கிரகாம் முன்னால் நின்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐரோப்பாவை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டவர், அதை மறைக்க மாட்டார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"உள்ளே வெடிகுண்டாம்" என்றார், மழை வரும்போல என்று சொல்கிற அதே குரலில். "முதல் வரிசையில். மஞ்சள் நிறம்."

மஞ்சள் என்றதும் எது என்று புரிந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. நேராகப் போலீஸ்காரரிடம் போனேன்.

"அது என் பை."

"உள்ளே என்ன இருக்கிறது?"

"சாப்பாடு."

"ஏன் அதை அங்கே விட்டுவிட்டுப் போனீர்கள்?"

"இடம் பிடிக்க."

"யாரிடமிருந்து?"

"உங்கள் எல்லாரிடமிருந்தும்தான்."

எங்கள் ஊர் போலீஸ்காரராக இருந்தால் சிரித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. வயர்லெஸ்ஸில் என்னவோ சொல்லிவிட்டு என்னை அங்கேயே நிற்கச் சொல்லி உள்ளே போனார். ஹெலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்புகிற ரயிலை நினைக்கிறார் என்று தெரிந்தது. மலையில் ஓட்டிப் போட்ட நிலம் ஈரத்தோடு காத்திருக்கிறது, இங்கே என் பொங்கலை விசாரிக்கிறார்கள்.

பையை முதலில் பார்த்துச் சொன்னவர் மார்கரெட் என்கிற வயதான டீச்சர். அவரே என்னிடம் வந்தார். "தப்பாக நினைக்காதே. அதில் புரியாத எழுத்து இருந்தது. இரும்புப் பாத்திரம் மாதிரி வேறு தெரிந்தது. இந்தக் காலத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே?"

நல்லதுதான். இந்த நாட்டில் குண்டு வெடித்து ஜனங்கள் செத்திருக்கிறார்கள். அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மாவின் கால் புண்ணுக்கு எங்கள் இல்லத்தில் நானே மருந்து போட்டிருக்கிறேன். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "உங்கள் கைப்பை எங்கே?"

மார்கரெட் தோளைத் தடவிப் பார்த்தார். "ஐயோ, உள்ளேயே விட்டுவிட்டேன்."

"உங்கள் பையும் ஆளில்லாமல்தான் கிடக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஓடவில்லையே."

அவர் முகம் சிவந்தது. கிரகாம் குறுக்கே வந்தார். "மார்கரெட்டைச் சொல்லி என்ன பண்ண? ஊரான் ஊருக்கு நம் பட்டாளத்தை அனுப்பினோம். கேட்காத சண்டையில் போய் நின்றோம். இப்போது கல்யாணப் பையைப் பார்த்து ஓடுகிறோம். நான் அன்றைக்கே சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு நம் வேலையைப் பார்ப்போம் என்று."

"கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கார் விற்பீர்களோ? இந்தியாவோடு ஒப்பந்தம் என்று பேப்பரில் கொண்டாடினீர்களே. உங்கள் கார் எங்கள் ஊருக்கு வரலாம், எங்கள் சாமை இங்கே வரக் கூடாதா?"

"நான் காரே வைத்துக்கொள்ளவில்லை" என்றார் கிரகாம். "ஸ்பெயினிலிருந்து தக்காளி ஏற்றி வந்தவன் நான். ஐரோப்பாவை விட்டு வெளியே வந்த பிறகு துறைமுகத்துச் சோதனை வரிசையில் தக்காளியோடு நானும் அழுகினேன். ஆனாலும் திரும்பக் கேட்டால் அதே ஓட்டுதான் போடுவேன்."

"பிடிவாதத்துக்கு ஒரு பரிசு இருந்தால் உங்களுக்குத்தான்" என்றேன். மனிதர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற இங்கத்தியத் தமிழர் சிலர் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கோயிலில் பார்க்கும்போது எனக்கு எத்தனை பேர் புத்தி சொல்லியிருக்கிறீர்கள். அவர்களிடம் எதற்கு வம்பு, தலையைக் குனிந்துகொண்டு போ என்று. நான் குனிய மாட்டேன். சந்தேகத்துக்கு ஆளாவது நான் விமானம் ஏறி வந்து கற்ற பாடமும் இல்லை. ஊரில் இருப்பவர்களே, நீங்களும் ரொம்ப நிமிராதீர்கள். எங்கள் மலையடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. மலைக்காரன் மூட்டை என்றால் கள்ளச் சரக்கு இருக்கிறதா என்று கம்பியை விட்டுக் குத்துவார்கள். சின்ன வயதில் அம்மாவோடு சந்தைக்கு இறங்கியபோது, குத்திய ஓட்டை வழியாகச் சாமை ரோட்டில் ஒழுகிக்கொண்டே வந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சேலைத் தலைப்பைச் சுருட்டி ஓட்டையை அடைத்தாள். பின்னால் வந்த காரை அவர்கள் நிறுத்தக்கூட இல்லை. அன்றைக்கு அம்மா பேசாததையும் சேர்த்துத்தான் நான் இன்றைக்குப் பேசுகிறேன்.

போலீஸ்காரர் பையோடு வெளியே வந்தார். "இதைத் திறந்து காட்டுங்கள்" என்று தூக்குவாளியை நீட்டினார். திறந்தேன். ஆவி மேலே வந்தது. மிளகும் நெய்யும் மணந்தன. கடல்காற்றின் குளிரில் நின்ற அத்தனை பேரும் மூக்கை இந்தப் பக்கம் திருப்பினார்கள். ஹெலன் கைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். ருசி பார்க்கிற தொழிலுக்காகக் கூடவே வைத்திருப்பாராம். ஒரு வாய் தின்றார், இன்னொரு வாய் தின்றார். பச்சைச் சாமையை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்தார், கல் இருக்கிறதா என்று விரலால் கிளறினார். மண்டபத்திலிருந்து பேப்பர் கப் வந்தது. கிரகாம் இரண்டு தடவை வாங்கினார். மார்கரெட்டுக்கு மிளகு உறைத்துக் கண்ணீர் வந்தது, கப்பை மட்டும் விடவில்லை.

அந்த அரசியல்வாதி இதற்குள் நிலைமை சரியாகிவிட்டது என்று கண்டுபிடித்து, கார் நிறுத்துமிடத்திலேயே பேச ஆரம்பித்தார். இனி ஐரோப்பா மட்டும் இல்லை, உலகமே நம் சந்தை, உலகமே வரட்டும் என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "உலகம் வந்தது, ஐயா. முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. நீங்கள்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டீர்கள்."

முதலில் சிரித்தது கிரகாம். பிறகுதான் மற்றவர்கள். அரசியல்வாதி, நல்ல கருத்து, குறித்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் ஊர் அரசியல்வாதியும் அதைத்தான் சொல்வார்.

ரயிலேற்றும்போதுதான் ஹெலன் வாயைத் திறந்தார். "முதலில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறேன். விற்றால் அதிகம் எடுப்பேன். விற்காவிட்டால் என்னைத் திட்டக் கூடாது." திட்டுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

"கொஞ்சம்னா எவ்ளோ பாப்பா?"

"பாதிக் கொல்லிக்கு நம்பிப் போடுண்ணா."

"மீதிப் பாதிக்கு?"

"அதுக்குக் கெழங்கு நடு. ஜவ்வரிசிக்காரனும் பொழைக்கணும் இல்ல."

அந்த வருஷம் புரட்டாசியில் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் வண்டி வந்தது. அடித்துப் பிடித்து ஏறிக் காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்காரப் போனேன். ஜன்னல் வழியாகப் பறந்து வந்த ஒரு பை அந்த சீட்டில் தொப்பென்று விழுந்தது. என் உடம்பு துள்ளிப் பின்னால் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பையின் ஆளைத் தேடினேன். கழுத்து சுற்றிச் சுற்றி ஆளைத் தேடியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். "இன்னா பையையே மொறச்சிக்கினு நிக்கற? உள்ள இன்னா பாம்பா கீது?"

"இல்லக்கா, சும்மா."

"நீயும் பைய போட்டிருக்கலாம்ல. ஊருக்குப் புதுசா?"

என் பை என் நெஞ்சோடு ஒட்டி இருந்தது, ரயிலில் வைத்திருக்கிற மாதிரியே, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு. அங்கே பையை வைத்தேன், மண்டபமே எழுந்து போனது. இங்கே பையை வைக்கவில்லை, எங்கள் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கடைசி வளைவில் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் நிலம் தெரிந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் சாமைக்கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் அண்ணன் நின்று, எந்த ஜன்னலில் நான் இருக்கிறேன் என்று தெரியாமல், வண்டி முழுவதற்கும் கையாட்டிக்கொண்டிருந்தார். பையைக் கட்டிப் பிடித்திருந்ததில் திருப்பிக் கையாட்ட எனக்கு ஒரு கை இல்லை. அந்த அம்மாளின் மடியில் பையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.