வீரன் பொம்மையின் சிவப்புத் தலை

பொட்டலத்தில் இருப்பது என்னவென்று கேட்காமல் எப்படி அதைக் கொதிநீரில் கொட்டினேன்? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வயது மகன் தன் வீரன் பொம்மைக்குச் சிவப்புத் தலை கேட்டான். பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரிடம் சாயம் கேட்டிருந்தேன். காலையில் அடுப்படியில் ஒரு பொட்டலம் இருந்தது. அதிலிருந்த சிவப்புப் பொடியைக் கொதிநீரில் கொட்டி, பொம்மையின் பிளாஸ்டிக் தலையைக் கழற்றி அதில் வேகவைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மகனின் நாக்கெல்லாம் சிவப்பு. பட்டாசுக்குப் போடும் கம்பெனி மருந்தோ என்று பதறி, அவனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே ஓடினேன்.

வெளியே வந்த கணவர் நாக்கைப் பார்த்துச் சிரித்தார். “கேசரிப் பொடி புள்ள. எதையும் வாயில வைக்கிற பயலுக்குக் கம்பெனிப் பொடியவா கொண்டாருவேன்?”

“சொல்லிட்டுப் போனா என்னங்க?”

“நீ அசந்து ஒறங்குன. எழுப்ப மனசு வரல.”

அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன். நான் யோசிக்காததை அவர் யோசித்திருக்கிறார்.

தலையில் ஏறிய சிவப்பு அவன் வாயிலேயே கரைந்துவிட்டது; மகன் இன்னும் சிவப்புத் தலைதான் கேட்கிறான். வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத, கரையாத சாயம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.