பொம்மைக்குப் போர்த்திய துண்டு

நான் இன்று வரை புலியை நேரில் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போனார்கள். நான் அவளை அனுப்பவில்லை. டீச்சர் போன் போட்டு, எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார். எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. தம்பி கைக்குழந்தையாகவும் இல்லை, ஒழுங்காக நடக்கவும் மாட்டான். எங்கள் வீடு கொல்லிமலையில், திருப்புலி நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்போம். மரவள்ளியும் மிளகும்தான் பிழைப்பு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மலையை விட்டு இறங்கி, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் தங்கிக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சந்தைக்குப் போகும்போது அவர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். அந்தத் தெருப் பிள்ளைகள் ஒருநாள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஊர்ப் பெயரில் புலியை வைத்திருக்கிறாயே, புலியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டு போனேன். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்து, புலி எப்படி உறுமியது என்று நான் செய்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

அப்பா அன்றைக்குப் புதுத் துண்டு போட்டிருந்தார். பஸ் மலை வளைவுகளில் இறங்கும்போது தம்பி வாந்தி எடுத்தான். அப்பா தன் சட்டையால் அவன் வாயைத் துடைத்தாரே தவிர, துண்டைத் தொடவில்லை. அத்தனை புதுசு. மாமா அடிவாரத்தில் ஏறிக்கொண்டார். பேன்ட், இஸ்திரி போட்ட சட்டை. எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, அங்கே போய்ச் சத்தமாகப் பேசக்கூடாது என்பதுதான்.

உள்ளே போனதும் மான், மயில், முள்ளம்பன்றி. அடுத்தது காட்டுப்பன்றி. அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வருஷா வருஷம் எங்கள் மரவள்ளிக் காட்டை உழுதுவிட்டுப் போகிற ஜந்து அது. "இதைப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்? ராத்திரி நம்ம காட்டுல படுத்தா சும்மாவே பாக்கலாம்" என்றார். அம்மா பன்றியைப் பார்த்து, நல்லா தின்னு, எங்க கிழங்கு செரிச்சுதா என்று விசாரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரடிக்கு அப்புறம் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் புலி என்று அம்புக்குறி போட்டிருந்தது. மாமா, அந்தப் பக்கம் வெயில், இப்படிச் சுற்றிப் போகலாம் என்றார். நான் காதில் வாங்கவில்லை. அம்புக்குறி காட்டிய பக்கமாக ஓடினேன்.

அங்கே இடுப்பளவு கம்பி வேலிக்குள் ஒரு சின்னக் குடிசை. அதன் வாசலில் சிமென்டில் செய்த ஓர் ஆண், ஒரு பெண். ஆண் கையில் ஈட்டி, தலையில் இறகு, கழுத்தில் எலும்பு மாலை. பெண்ணுக்கு இடுப்பில் பச்சை பெயின்ட் அடித்த இலை. மேலே ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் தார் மாதிரி கறுப்பு பெயின்ட். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. இந்தப் பக்கம் கரடி, அந்தப் பக்கம் புலி, நடுவில் இவர்கள்.

ஒரு டவுன்காரர் தன் பிள்ளைகளை வேலியோரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் வாயில் கையைத் தட்டித் தட்டி ஊவ் ஊவ் என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்பாவின் இடுப்பிலிருந்த தம்பியும் கத்தினான். நன்றாகத்தான் இருந்தது.

அம்மா வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "கண்ணு, அந்த போர்டுல என்ன எழுதியிருக்குது, படி" என்றாள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொல்லிமலைப் பழங்குடி மக்கள். ஒரு தப்பு இல்லாமல் படித்துவிட்டு, பாராட்டுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தாள். அப்புறம் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

அம்மா அப்பாவின் தோளிலிருந்து துண்டை உருவினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியைத் தாண்டினாள். காட்டில் வேலி தாண்டுகிறவளுக்கு அதெல்லாம் ஒரு வேலியா. துண்டைப் பொம்மையின் மார்பில் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். மிளகு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இலேசில் அவிழாது.

படம் எடுத்தவர், ஏம்மா மறைக்கிறே என்று சத்தம் போட்டார். விசில் ஊதிக்கொண்டு காவலாளி ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? துண்டை அவுத்துட்டு வெளிய வா."

அம்மா வெளியே வந்தாள். துண்டை அவிழ்க்கவில்லை. எந்த ஊரு நீங்க என்று காவலாளி அதட்டினார். மாமா முந்திக்கொண்டு, "பேளுக்குறிச்சிங்க" என்றார்.

"அவன் பேளுக்குறிச்சியாவே இருக்கட்டுங்க" என்றாள் அம்மா. "நான் இந்த போர்டுல எழுதியிருக்கற ஊரு. நான் என்னைக்குங்க இலை கட்டிக்கிட்டு நின்னேன்? நீங்க பாத்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். காவலாளி சிரிக்கவில்லை. பொம்மையை நானா வைத்தேன், என் வேலைக்கு உலை வைக்காதே என்று முணுமுணுத்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். துண்டை அவிழ்த்துக்கொண்டு பேசாமல் போய்ப் புலியைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே போக வேண்டும்.

புலி அடுத்த வளைவில் இருந்தது. அதன் வாடை எங்களிடம் வந்துவிட்டது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "எடுத்துரும்மா. புலி பாக்கோணும்."

"இன்னிக்கு இல்ல சாமி."

மாமா கெஞ்சினார். "விடுக்கா. வெறும் பொம்மை. பசங்க ஆசையா வந்திருக்குதுங்க."

"வெறும் பொம்மைன்னா எங்களை ஏண்டா சுத்திக் கூட்டிக்கிட்டுப் போகப் பாத்தே?"

காவலாளி, நீயாவது சொல்லுய்யா என்று அப்பாவிடம் திரும்பினார். என் அப்பா காக்கிச் சட்டை போட்ட யாரிடமும் நிமிர்ந்து பேசியவர் இல்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவர் தம்பியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினார்.

"துண்டு என்னுதுங்க. நான் அதுக்குக் குடுத்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

காவலாளி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார், கிழங்குக் காட்டிலிருந்து பன்றியை விரட்டுகிற மாதிரி. அவர் வேலையை அவர் செய்தார் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காட்டுக்காரர்கள் வந்து கலாட்டா செய்தார்கள் என்று அன்றைக்குப் பேசியிருப்பார்கள். அதையும் பேசிக்கொள்ளட்டும். கலாட்டா செய்தது என் அம்மாதான். அதற்காக நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா கொடுத்த பலாச்சுளையை ஜன்னல் வழியே வீசினேன். மாமா பேளுக்குறிச்சியில் இறங்கியபோது வாரேன் என்று கூடச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு புலி எங்கே என்றார்கள். புலி என்ன புலி, அதைவிடப் பெரிய பயங்கரத்தைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். இலை கட்டியவர்கள், எலும்பு மாலை போட்டவர்கள், ஈட்டி வைத்திருப்பவர்கள். நம் மலையில்தான் இருக்கிறார்களாம், போர்டில் நானே படித்தேன். அம்மா பொம்மைக்குத் துண்டு கட்டியதையும் சொன்னேன். ஏன் கட்டினாள் என்று ஒருத்தி கேட்டாள். பொம்மைக்குக் குளிருமில்லையா என்றேன். எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பெரிய விவாதம் நடந்தது. வளப்பூர் நாட்டுக் காட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. தன் பெரியப்பா ஒருமுறை தூரத்தில் பார்த்திருக்கிறார் என்று ஒருவன் சத்தியம் செய்தான். அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் மலைப் பிள்ளைகள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்கப்புறம் தனியாகப் பள்ளிக்கூடம் போகவே எனக்குப் பயம். வழியில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றின் பின்னால் ஈட்டியோடு அவன் நிற்பான் என்று நினைப்பு. அப்பாவிடம் சொன்னேன். அந்த ஈட்டிக்காரன் என்னைப் பிடித்துக்கொள்வான், துணைக்கு வாருங்கள் என்று அழுதேன்.

அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். தோளில் பழைய துண்டு. பள்ளிக்கூடம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் நான் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன், அவன் எவ்வளவு கறுப்பு, பல் எப்படி இருந்தது என்று.