தலையணை உறையில் போன உளுந்து

எங்கள் வீட்டில் விதைக் கம்பெனிப் பை படாத இடமே கிடையாது. மோட்டாருக்கு மழைக்கோட்டு அதுதான். குளியலறை ஜன்னலுக்குத் திரை அதுதான். அருப்புக்கோட்டை பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியாக எறிவதும் அதுதான். அவ்வளவு கெட்டியான பை. எலிகூட ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். அதைத் தூர எறிய என் வீட்டுக்காரருக்கு மனசு வருமா? உள்ளே இருந்த விதை தீர்ந்ததும் பையை அலசிக் காயப்போட்டு, மடித்து, பரணில் அடுக்கிவிடுவார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பரளச்சிப் பக்கம் எங்களுக்கு இருப்பது வானம் பார்த்த கரிசல். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி உளுந்து வாங்கி விதைத்தோம். பொய் சொல்லக் கூடாது, அருமையான ரகம். பக்கத்துப் புஞ்சையெல்லாம் மஞ்சள் நோய் விழுந்து கிடந்தபோது எங்களுடையது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதிலேயே நல்ல மணியாகப் பொறுக்கி, வேப்பிலை போட்டு வைத்து, அடுத்தடுத்த வருஷமும் அதையே விதைத்தோம். ஊரும் கேட்க ஆரம்பித்தது. சிலர் விலைக்கு வாங்குவார்கள். சிலர் அறுப்பு முடிந்ததும் வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டியே அளந்துவிடுவார்கள். எப்படியானாலும் எங்கள் பக்கம் விதையை வெறுங்கையோடு வந்து வாங்கக் கூடாது. ஒரு வெற்றிலையோ, ரெண்டு தேங்காய்ச் சில்லோ, கொடுப்பவர் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

போன புரட்டாசியில் என் வீட்டுக்காரர் அந்த விதையைக் கம்பெனிப் பைகளில் நிரப்பி, வாயைத் தைத்து, கடை போட்ட மாதிரி வாசலில் அடுக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்தா கம்பெனித் தம்பி பைக்கில் வந்து இறங்க வேண்டும்! ஊர் ஊராகப் போய் விதை விற்பனை பார்க்கிறவர். சட்டையிலும் கம்பெனிப் பேர், தொப்பியிலும் கம்பெனிப் பேர். அடுக்கைப் பார்த்ததும் முதலில் பல் தெரியச் சிரித்தார். சாக்கு ஊசி போட்டுத் தைத்த வாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, இது எங்க கம்பெனி பதிவு பண்ணி வச்சிருக்கிற ரகம். எங்க பேரு போட்ட பையிலயே நீங்க விக்கிறீக. கேஸாயிரும்க்கா.”

“எங்க புஞ்சையில வெளஞ்சது தம்பி இது.”

“வெளஞ்சது ஒங்க புஞ்சையிலதான். ரகம் எங்களதுல்ல? ஒரு ரகத்தைக் கொண்டுவர எத்தனை வருசம் பாடுபடுறாக தெரியுமா? நீங்க பாட்டுக்கு ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தா, அவுக அடுத்த ரகத்தை எதை வச்சுக் கண்டுபிடிப்பாக? இதனாலதான் நிறைய கம்பெனிக உளுந்துப் பக்கம் தலைவச்சே படுக்கிறதில்லை. ஹைப்ரிட்டு பருத்தி, மக்காச்சோளம்னு ஓடிருறாக. அதுன்னா வருசா வருசம் கடைக்கு வந்துதான ஆகணும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “இதை விதைக்கவே கூடாது போல. விதைச்சா போலீஸு வந்துருமாம்” என்று அந்தத் தம்பி சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். பைகளை உள்ளறைக்குள் இழுத்துப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மேற்கே மின்ன ஆரம்பித்திருந்தது. கரிசலில் விதைப்புக்கு ஒரு ஈரம்தான். அதை விட்டால் அந்த வருஷம் போச்சு. எங்களுக்கு மட்டுமா? எங்களிடம் சொல்லிவைத்தவர்கள் எல்லாருக்கும்தான். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“கதவைப் பூட்டுனா மழை நிக்குமாக்கும்? ஆம்பளையா லட்சணமா விவசாய ஆபீஸுல போய்க் கேட்டுட்டு வாங்க.”

“நான் மாட்டேன்ப்பா. நீயே போ. ஒன்னைப் பாத்தா அவுகளே பயந்துருவாக.”

மறுநாள் காலையில் டவுனுக்கு பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் பார்க்கிறேன், என் கையில் இருப்பதும் அதே கம்பெனிப் பை! அவசர அவசரமாக உள்பக்கத்தை வெளியே திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். வேளாண்மை ஆபீஸில் இருந்த அதிகாரியம்மா முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“யாரும்மா விதைக்கக் கூடாதுன்னது? பதிவு பண்ணின ரகமாவே இருந்தாலும், உங்க விளைச்சல்ல விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கக்கூட செய்யலாம். விவசாயிக்குச் சட்டத்துலயே அந்த உரிமை இருக்கு. பையில அடைச்சுக் கம்பெனிப் பேர்ல விக்கிறதுதான் கூடாது.”

“அப்ப குத்தம் உளுந்து மேல இல்லை, பை மேலதானா?”

“பை மேலதான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து சீட்டம்மா நான் ஏதோ சாவு கேட்டுத் துட்டிக்குப் போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி, பைகளையெல்லாம் அறுத்து நடுவீட்டில் கொட்டினேன். வந்தவர்களுக்கு அளந்து போட வேறு பை இல்லை. தலையணைகளை உருவிப் போட்டுவிட்டு உறைகளை எடுத்தேன். ஊரே அன்றைக்குப் பூப்போட்ட உறையில் விதை கொண்டுபோனது. இரவு எங்கள் தலைக்கு உறையில்லாத பஞ்சுமூட்டைதான். மழை பெய்தது; ஈரம் தப்பவில்லை, விதைத்துவிட்டோம்.

விதைப்பு முடிகிற நேரம், அந்தத் தம்பி மறுபடி பைக்கில் வந்தார். இந்த முறை தொப்பி இல்லை. பேச்சும் இழுத்து இழுத்து வந்தது.

“அக்கா, எங்க ஊரு பாலவனத்தத்துல அப்பா நிலம் ஈரத்தோட கெடக்கு. கடையில அந்த ரகம் தீந்துபோச்சு. ஒங்ககிட்ட...” என்று மடித்து வைத்திருந்த கம்பெனிப் பையை நீட்டினார்.

“ஐயய்யோ, அதுல போட மாட்டேன் சாமி. கேஸாயிரும்!”

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மிச்சமிருந்த ரோசாப்பூ உறையில் வாய் முட்ட அளந்து போட்டேன். தம்பி கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“வெறுங்கையோட விதை வாங்கலாமா? எதையாச்சும் வைங்க.”

சட்டைப்பையைத் துழாவி, கடைகளுக்குக் காட்டுகிற வெண்டை விதைப் பாக்கெட் ஒன்றை என் கையில் வைத்தார். புத்தம் புது ஹைப்ரிட். படத்தில் காய் ஒவ்வொன்றும் முழ நீளம்.

“இதுல விதை எடுத்து வச்சா அடுத்த வருசம் இதே மாதிரி வருமா தம்பி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வராதுக்கா.”

தலையணை உறையை அவர் கையில் கொடுத்தேன்.

“இது வரும். நல்ல மணியாப் பாத்து எடுத்து வைக்கச் சொல்லுங்க ஒங்கப்பாவை.”