சாதிக் பாய் போட்ட ஓட்டை

வெள்ளிக்கிழமை பகல். மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நகர வழியில்லாமல் நின்றிருந்தபோது ராஜேந்திரன் போன் செய்தார். சாதிக் பாய் இறந்துவிட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நான் பம்மல் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஆளில்லாமல் கபரஸ்தான் வாசலிலிருந்து திரும்பினேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

செம்பாக்கத்தில் ராஜேந்திரன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடி, உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின்களை நாமே செய்து ஓட்டிப் பார்க்கிறோம். நம்மில் வாழ்நாளெல்லாம் நிஜ இன்ஜினோடு மல்லுக்கட்டியவர் பாய் ஒருவர்தான். பம்மலில் லாரிகளுக்கு டீசல் பம்பு பழுது பார்த்தார். நாமெல்லாம் இணையத்தில் படித்துத் தேறிய பண்டிதர்கள்.

பெட்ரோல் பீய்ச்சும் நாசிலைச் சோதிக்க அவருக்குப் பெரிய கருவி வேண்டாம். பழைய செய்தித்தாளை விரித்து ஒரே ஒரு முறை பீய்ச்சுவார். நனைந்த வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு பக்கம் ஈரம் கூடியிருந்தால் மறுபடி தேய்க்க உட்கார்ந்துவிடுவார். "நாம ஓகே சொன்னா ஆச்சா சார்? பேப்பர் ஒத்துக்கணும்" என்பார்.

என் சின்ன நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்துக்குப் பெட்ரோல் பீய்ச்ச வைக்க எனக்கு ஆசை வந்தது. புரோகிராம் என் பொறுப்பு. ஊசி முனை அளவு ஓட்டை போட்ட நாசில் அவர் பொறுப்பு. மூன்று வாரம் அதோடு கிடந்தார்.

ஓட்டிக் காட்டிய அன்று இன்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, நின்றுபோனது. பெட்ரோல் அதிகம். எல்லோர் முன்னாலும் நான் சட்டென்று, "ஓட்டை பெருசு பாய்" என்றேன். அவர் நாசில்மேல் விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சில சுற்று சுற்றினார். பிறகு, "கயட்டிக் குடுங்க சார், பாத்துக்கலாம்" என்று வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

தப்பு என்னுடையது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் வேண்டும். என் புரோகிராம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தது. புதன்கிழமை கண்டுபிடித்துத் திருத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓட்டையைச் சிறிதாக்கிக்கொண்டு வருவார், அதற்கேற்பப் பீய்ச்சும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு நாசிலை மாட்டினோம். சரிக்கட்ட வேலையே இல்லை. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்து, சீராக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். "இன்னா பாய், ஓட்ட சின்னதாயிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாம்பா, மொத தபா கை தவறிப்போச்சு" என்றார் பாய். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை வீட்டில் நாசிலைக் கழற்றி அளந்தேன். அதே அளவு. முன்பு என் குறடு பட்டு விழுந்த கீறல்கூட ஓரத்தில் அப்படியே இருந்தது. அதே நாசில்! விரல் வைத்துச் சுற்றியபோதே அது ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் அடிப்பதை அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு வாரத்தில் நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பி, கை வைக்காமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

அதன் பிறகு நம் கூட்டத்தில் அது நிரந்தரக் கேலியாகிவிட்டது. "பாய்கிட்ட குடுக்காத, ஓட்ட பெருசா பூடும்." அவரும் சிரிப்பார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் போகும்போது, "பாய், அந்த நாசில்..." என்று ஆரம்பித்தேன். "ஓடுதுல்ல சார்? வுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நாசிலும், அவருக்குச் சேர வேண்டிய கைதட்டலும்தான். நாசிலை நான் வைத்துக்கொள்கிறேன். நண்பர்களே, அவர் போட்ட ஓட்டை முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கேலி செய்ய ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன்.