உப்பின் நிலை: குறைவு

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் நெல் வயல் கருகிப்போனது. யாரும் தீ வைக்கவில்லை. ஒரு அட்டையை நான் உரக்கப் படித்தேன், அவ்வளவுதான்.

அது விவசாய ஆபீசிலிருந்து வந்த மண் பரிசோதனை அட்டை. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். திருத்தணி மலைக்குப் படியேறும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. பெரியப்பாவும் வந்திருந்தார். என் படிப்பை நிறுத்தி அரக்கோணத்தில் ஒரு கடையில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"உப்பின் நிலை, குறைவு" என்று படித்தேன்.

எங்கள் பக்கம் யூரியாவுக்கு உப்பு என்றுதான் பேர். நைனா தலையாட்டினார்.

"தழைச்சத்து, அதிகம்."

"வேலியோரம் தழைக்கு இன்னாடா கொறச்சல். மேல படி" என்றார் பெரியப்பா.

"சாம்பல்சத்து, குறைவு."

"உங்கம்மாவ அடுப்பாண்ட வாரிக் குடுக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து அட்டையை மடித்துவிட்டேன்.

மறுநாளே நைனா மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி வந்து தூவினார். பத்து நாள் விட்டு மறுபடியும் தூவினார். பயிர் கரும்பச்சையாக எழுந்தது. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அம்மா பூரித்துப்போனாள். "எம்புள்ள படிச்சி சொன்னது" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

கதிர் வரும் சமயம் ஒரு காலையில் வயல் நடுவே வட்டமாகக் காய்ந்திருந்தது. நான்கே நாளில் வயல் முழுக்க வட்டங்கள். நைனா பயிரை விலக்கிப் பார்த்தார். தண்டின் அடியில் பழுப்புப் பூச்சிகள் மொய்த்துக்கிடந்தன. விலக்கிய கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

ஆபீஸ்காரர் வந்து, "புகையான் பூச்சி" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"தழைச்சத்துன்னா யூரியா குடுக்கிற சத்துங்க. அது அதிகம்னு போட்டுக்கீது, அது மேலயே கொட்டிக்கீறீங்க. பயிரு அளவுக்கு மீறிக் கொழுத்தா இந்தப் பூச்சி வரும். சாம்பல்சத்துன்னா பொட்டாஷ், அத போடவே இல்ல. உப்புன்னா இங்க உவரு. அது கொறஞ்சா மண்ணு நல்லாக்கீதுன்னு அர்த்தம். யாரு படிச்சி சொன்னது?"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"புள்ள சரியாத்தான் சார் படிச்சான். எல்லாத்தையும் எடுத்துச் சொன்னான். நான்தான் பாதியில எழுந்து பூட்டேன்" என்றார் நைனா.

நான் அதிர்ந்துபோனேன். நான் அட்டையை மடிக்கும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அவர் பொய் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கருகிய வயலைவிட அதுதான் என்னை உலுக்கியது.

"ஏன் நைனா பொய் சொன்ன?" என்று வழியில் கேட்டேன்.

"மணி ஆவுது. துன்னுட்டு இஸ்கூலுக்குக் கெளம்பு."

பொய் சொல்கிறவரின் மகன் என்ற வெட்கத்தோடு நான் அன்று பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பொய்யால்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.