அம்மாவின் பாதங்களுக்குச் செய்த கிரீம்

சந்திரகிரி தாண்டி, சித்தூர் போகும் சாலையில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கம்பெனி. ஷாம்பு, லிப் பாம், காலுக்குத் தடவும் கிரீம் என்று சின்ன அளவில் செய்கிறோம். பெரும்பாலானவற்றில் கொஞ்சம் பெப்பர்மின்ட் ஆயில் உண்டு. அதை எவ்வளவு சேர்க்கலாம், எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும், எங்கே தடவக் கூடாது என்று பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன்: அந்த எண்ணெய் தோலைக் குளிர வைப்பதில்லை. தோலின் சூடு அப்படியேதான் இருக்கும். குளிரை உணரும் நரம்பை அது தொட்டு எழுப்புகிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு பாதங்கள் எரிந்தன. மருந்து நரம்பைப் பாதிக்கும், சிலருக்கு இப்படி வரும் என்றார் டாக்டர். முடி கொட்டுவதற்கு முன்பே அம்மா திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நோய் எடுப்பதற்குள் சாமி எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் போனோம். சிகிச்சை முடிந்ததும் அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு படியேறி வருவதாக வேண்டிக்கொண்டு இறங்கினாள். அதனால் எரிச்சலைவிட, படியேற முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வாசனைப் பொருள் வேறெதுவும் சேர்க்காமல் ஒரு கிரீம் செய்தேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தடவிவிடுவேன். ஐஸ் பெட்டியில் காலை வைத்த மாதிரி இருக்கிறது என்று விரல்களை விரித்துக் காட்டுவாள். வீடு முழுக்க டூத்பேஸ்ட் வாசனை.

"உங்கம்மா காலுக்குப் பல்லு வெளக்கிக்கினு கீறா" என்பார் நைனா. அம்மாவும் சிரிப்பாள்.

ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போதே அம்மா சொன்னாள்: "எரிச்சல் போயிடுச்சி பாப்பா. உன் கிரீம் நல்லா கேட்டுச்சி."

நைனா காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிகிச்சை முடிந்ததும் எந்த நாளில் மலையேறலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. நான் கீழே உட்கார்ந்து ஒரு காலில் தடவினேன். சில்லென்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"சில்லுனும் இல்ல, எரியவும் இல்ல. இன்னிக்கி எண்ணெய் கம்மியா போட்டியா?"

நேற்றுத் தடவிய அதே டப்பாதான். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு கால்விரலை அழுத்தினேன். எந்த விரல் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணெயைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அம்மாவே டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தன் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இங்க சில்லுனுதான் இருக்குது" என்றாள்.

நைனா காலண்டரிலிருந்து நிமிரவில்லை.

"அப்ப, படிக்கல்லு சூடும் தெரியாது இல்ல?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. பாதம் வெந்துபோனாலும் தெரியாது."

டாக்டரிடம் நாளைக்கே போகலாம், உணர்ச்சி திரும்பி வரவும் வாய்ப்பிருக்கிறது என்றேன். வராமலும் போகுமா என்று அவள் கேட்கவில்லை, போகலாம் என்று நானும் சொல்லவில்லை. நைனா எழுந்து போய்க் காலண்டரை ஆணியில் மாட்டினார்.

அம்மா புடவையை லேசாக ஒதுக்கி, தடவாத காலையும் என் பக்கம் நீட்டினாள். தடவினேன். என் உள்ளங்கைகள்தான் சில்லிட்டுக்கொண்டிருந்தன.